மலையை மொட்டையடித்த மருமகள்

ஒரே ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்டு ஒரு மலைச்சரிவையே மொட்டையடித்தவள் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அந்தச் சரிவு பெரிதாகிக்கொண்டே போகிறது. (போன தீபாவளிக்கு மருமகப்பிள்ளை சொன்னபோது அது எங்கள் தீவிலேயே உயரமான கொடிமலையின் உச்சி வரைக்கும் போய்விட்டது.)

சிறு வயதிலிருந்தே நான் அப்படித்தான். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தாலும் எழுந்து சொன்னதில்லை. தெரியவில்லை என்று நினைத்து அடிப்பார். பேசுவதைவிட அடி வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது.

எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. களையெடுப்பு. பத்து வயதிலேயே அம்மாவோடு களையெடுக்கப் போய்விட்டேன். எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்தைத் தவிர வேறு எது முளைத்தாலும் களைதான். அதிலும் லாலான் புல் இருக்கிறதே, அது சத்துரு. மேலே வெட்டினால் போதாது. மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடும் வேரில் விரல் அளவு தங்கிவிட்டாலும் மறு மாதம் அங்கே நின்று தலையாட்டும். அதனால் வேர் அறாமல் மொத்தமாகத் தோண்டி எடுத்து, வேர் மேலே பார்க்கும்படி ஒரு கட்டை மேல் கவிழ்த்துப் போட வேண்டும். வெயிலில் காய்ந்து சாகும்.

அப்புறம் குச்சி. நாங்கள் ஒரு நிரையை முடித்துப் போன பிறகு கங்காணி பின்னாலேயே வருவார். விட்டுப்போன களை கண்ணில் பட்டால் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி அதில் துணிக்கிழிசல் கட்டிவிட்டுப் போவார். அந்த நிரைக்காரி திரும்பி வந்து அதைப் பிடுங்கியாக வேண்டும். பிடுங்குவதற்குள் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். குச்சி நிற்கிற நிரைக்காரி தண்ணிக் குழாய்ப் பக்கம் போனால் மற்ற பெண்கள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். என் நிரையில் இரண்டே தடவைதான் குச்சி நின்றது. இரண்டு தடவையும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பெற்றவர்கள் பயந்த காலம். எனக்குப் பதினாறு வயது. மரவள்ளி மாவில் பாயசம். சர்க்கரை கிடையாது. சாப்பிட்டவர்கள் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள். மறுநாளே கடல் தாண்டித் தீவில் இருக்கும் ஆயர் ஈத்தாமுக்கு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் பேரை இங்கே எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மூன்று பேர். இவர், இவருடைய அம்மா, நான். இவரிடம் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அத்தையிடம் சொல்வேன். "சாப்பாடு ஆயிடுச்சுன்னு சொல்லுங்க அத்தை" என்பேன். அத்தை, "டேய், சாப்பாடு ஆயிடுச்சாம்" என்பார். இவர் எனக்கு நாலு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். "வரேன்னு சொல்லும்மா" என்பார். ஒரு தடவை அத்தைக்குத் தொண்டை கட்டிப் பேச்சு வராமல் போய்விட்டது என்றும், அன்று வீட்டில் யாருமே சாப்பிடவில்லை என்றும் இவர் பின்னாளில் எல்லாரிடமும் சொல்வார். (அது பொய். கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட்டோம்.)

இப்போது மலையின் கதை.

எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு சரிவு. நான் கல்யாணமாகி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், வெயில் காலத்தில், மேலே யாரோ மரவள்ளி நடக் காட்டை வெட்டித் தீ வைத்திருக்கிறார்கள். தீ அவர்கள் கையை மீறிவிட்டது. இரண்டு நாள் எரிந்ததாம். நான் வந்தபோது அந்தச் சரிவு முழுக்கக் கரிக்கட்டைகள்தான். மழை பெய்ததும் மண் கரைந்து ஓடையில் இறங்கியது. அந்த ஓடைத் தண்ணீர்தான் குழாய் வழியாகப் பட்டணத்துக்குப் போகிறது. பட்டணத்தில் ஜப்பான் ராணுவம் குளிக்கிற தண்ணீர் செம்மண்ணாக வந்தது. உடனே உத்தரவு போட்டார்கள். சரிவை மூடு.

அதற்கு ஒரு கூட்டம் ஆட்களைச் சேர்த்தார்கள். இவரும் அதில் ஒருவர். ஆளுக்கு ஒரு காகிதம், அதில் சிவப்பு முத்திரை. அந்தக் காகிதத்தின் அருமையை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வேன். அது கையில் இருந்தால் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். எங்கள் வரிசையிலேயே மூன்று வீட்டு ஆண்கள் போயிருந்தார்கள். மூன்று வீட்டுக்கும் ஒரு தகவலும் இல்லை. அத்தை அந்தக் காகிதத்தை முருகன் படத்துக் கண்ணாடிக்குள் செருகி வைத்திருந்தார். தினமும் சாமிக்கு விபூதி பூசும்போது காகிதத்துக்கும் ஒரு கோடு இழுத்துவிடுவார்.

வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணியார். வெள்ளைக்காரன் காலத்தில் செடிகொடி சம்பந்தமான ஏதோ ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவர். ஒல்லியாக இருப்பார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதைச் சணலால் கட்டியிருப்பார். யாரிடமும் சிரித்துப் பேச மாட்டார். ஜப்பான் அதிகாரி சரிவு முழுக்கச் சட்டென்று எதையாவது நட்டு மூடச் சொன்னபோது, கிராணியார்தான் துணிந்து வேறு யோசனை சொன்னாராம். மலை தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும், அதன் சொந்தச் செடிகள் சாம்பலுக்குள்ளிருந்து முளைக்கத் தொடங்கிவிட்டன, லாலானும் உண்ணிச்செடியும் அவற்றை அமுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று. லாலான் மூடினால் அடுத்த வெயிலுக்கு மறுபடி தீப்பிடிக்கும், மலை மறுபடி மொட்டை, தண்ணீர் மறுபடி செம்மண் என்று. அதிகாரி ஒத்துக்கொண்டு ஒரு நாள் குறித்தான். அன்று வந்து பார்ப்பான். செடிகள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்தைக் கலைத்துவிடுவான். கலைத்தால் காகிதம் செல்லாது. காகிதம் செல்லாவிட்டால் சயாம்தான்.

இதெல்லாம் எனக்கு அப்போது அரையும் குறையுமாகத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: களை சரியாக எடுக்காவிட்டால் இவரைக் கொண்டுபோய்விடுவார்கள்.

கீழ்ச்சரிவில் லாலான் தோண்டப் பெண்களையும் கூப்பிட்டார்கள். அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போய், "தோட்டத்துல களை எடுத்த பொண்ணுங்க இது. கை வச்சா வேரு தங்காது" என்று கிராணியாரிடமே சொல்லிவிட்டார். நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் வேலையில் ஒளியவில்லை. நான் எடுத்த இடத்தில் ஒரு புல் கூடத் திரும்பி முளைக்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் கிராணியார் இவரிடம், "உம்மட மனுசி நல்லா வேலை செய்யிறா" என்று சொன்னாராம். இவர் அதை அத்தையிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி. மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை.

அதுதான் வினை.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் இவருக்குக் குளிர்காய்ச்சல். பல் கிடுகிடுவென்று அடிக்கிறது. எழுந்து நிற்க முடியவில்லை. ஆள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்களோ என்று அத்தைக்குப் பயம். இவருக்குப் பதில் நான் போய் நிற்பது என்று முடிவானது. அத்தை இவரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கிவிட்டார். இவர் வேலை செய்வது மேற்சரிவில். அங்கே நான் அதுவரை போனதில்லை. விடிந்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். கிராணியார் பட்டணத்துக்குப் போயிருந்தார், மறுநாள் அதிகாரியைக் கூட்டிவருவது பற்றிப் பேச. மற்ற ஆண்கள் சரிவின் அந்தப் பக்கம் தீத்தடுப்புக்குப் பாதை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே நான் ஒருத்திதான்.

ஏறிப் பார்த்தேன்.

குச்சி. எங்கே பார்த்தாலும் குச்சி. ஒவ்வொரு குச்சியிலும் வெள்ளைத் துணிக்கிழிசல். ஒவ்வொரு குச்சிக்குப் பக்கத்திலும் ஒரு செடி. அகலமான இலையோடு ஒன்று, ஊதாப் பூ விடுகிற மாதிரி ஒன்று, எனக்குப் பேர் தெரியாத இன்னும் என்னென்னவோ. முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கின்றன.

ஐயோ, இந்த மனுஷர் இத்தனை களையை விட்டிருக்கிறாரே என்று நினைத்தேன். இவ்வளவு பெரிசாக வளருகிற வரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தார்? கிராணியார் பார்த்துப் பார்த்துக் குச்சி ஊன்றியிருக்கிறார். நாளைக்கு அதிகாரி வந்து இதைப் பார்த்தால்? என் கண்ணுக்கு முன்னால் முருகன் படமும் காகிதமும் வந்தன. அப்புறம் இவர் ரயிலில் ஏறுவது வந்தது. நாலு மாதமாக நான் ஒரு வார்த்தை பேசாத மனிதர், பேசாமலேயே போய்விடுவார் போல இருந்தது.

முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் சோம்பேறியாக இருந்திருந்தால் மலை தப்பியிருக்கும். ஒவ்வொரு செடியையும் சுற்றி மண்ணை இளக்கி, அடியில் கை விட்டு, மண் கட்டியோடு, ஒரு வேர் கூட அறாமல் எடுத்தேன். எடுத்ததைக் கரிக்கட்டைகள் மேல் வேர் வானத்தைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்தேன். வரிசையாக, அழகாக. குச்சியைப் பிடுங்கி ஒரு பக்கம் அடுக்கினேன். துணியை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டேன். அப்போதெல்லாம் துணி எங்கே கிடைத்தது? ஜனங்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். கிராணியார் தன் வேட்டியைத்தான் கிழித்திருக்க வேண்டும், ஓரத்தில் கரை தெரிந்தது. நம் வீட்டு ஆளின் தப்புக்கு அவர் வேட்டி போயிற்றே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

நடுவில் சந்தேகம் வராமல் இல்லை. கீழே புல் தோண்டிக்கொண்டிருந்த ஒரு சீனத்து அம்மாள் நிமிர்ந்து பார்த்து மலாயில் என்னவோ கத்திக் கேட்டாள், கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். இறங்கிப் போய் அவளிடம் கேட்டிருக்கலாம். சரிவைச் சுற்றிப் போய் ஆண்களிடம் கேட்டிருக்கலாம். நான் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். யாராவது எதையாவது கேட்டால் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வது அன்றைக்கு என் வழக்கம்.

ஒரு மூலையில் மட்டும் ஒரு செடி குச்சி இல்லாமல் நின்றது. மஞ்சளும் ரோஜா நிறமுமாகக் கொத்துக் கொத்தாகப் பூ. உண்ணிச்செடி. குச்சி இல்லாததால் அதுதான் வைக்க வேண்டிய செடி என்று முடிவு செய்தேன். ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றினேன். இவருக்குக் காய்ச்சல் இறங்க வேண்டுமென்று நாலு பூவைப் பறித்து முருகனுக்கு எடுத்துக்கொண்டேன்.

மதியம் தாண்டி வேலை முடிந்தது. நல்லவேளையாக வெயிலே இல்லை. தூறிக்கொண்டிருந்தது. துணிகளை ஓடையில் அலசிப் பிழிந்து, ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். இவர் காய்ச்சல் தெளிந்ததும் கிராணியாரிடம் திருப்பிக் கொடுக்கட்டும் என்று.

வீட்டில் இவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நான் துணிக்கட்டை அத்தை பக்கத்தில் வைத்தேன். இவர் அதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

"இது எப்படி இங்க வந்துச்சுன்னு கேளும்மா."

"எல்லாத்தையும் பிடுங்கிட்டேன்னு சொல்லுங்க அத்தை. ஒண்ணு விடலை. பயப்பட வேணாம்னு சொல்லுங்க."

அத்தை வாயைத் திறப்பதற்குள் இவர் என்னை நேராகப் பார்த்து, "எதைப் பிடுங்கினே?" என்றார். கல்யாணமாகி என்னிடம் நேரே பேசிய முதல் பேச்சு அது.

நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். குச்சி வைத்த செடிகளை.

இவர் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. போர்வையோடு எழுந்து வெளியே ஓடினார். அத்தை பின்னால் ஓடினார். நான் அத்தைக்குப் பின்னால். ஏறுகிற வழியில்தான், மூச்சிரைப்புக்கு நடுவே, இவர் அத்தையிடம் சொல்வது எனக்குக் கேட்டது. குச்சி வைத்தது பிடுங்குவதற்கு இல்லை, யாரும் தொடக்கூடாது என்பதற்காம். அந்தச் செடிகளைக் காட்டித்தான் நாளைக்கு எல்லாருடைய காகிதமும் நிற்க வேண்டுமாம். எல்லாருடையதும் என்றால் பத்துப் பதினைந்து வீடு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிராணியார் அங்கே இருந்தார். பட்டணத்திலிருந்து நேராக ஏறி வந்திருக்கிறார். ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் என் செடிகள் தலைகீழாகத் தவம் செய்கின்றன. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஆர் இதைச் செய்தது?"

"நான்தான் ஐயா" என்றார் இவர். "காய்ச்சல்ல புத்தி பெசகிப்போச்சு."

கிராணியார் ஒரு செடியை எடுத்து வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உம்மட கையாலை இப்பிடி வேர் அறாமல் வராது. உமக்கு லாலானையே முழுசாப் பிடுங்கத் தெரியாது." பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் பிள்ளை?"

நான் அத்தையின் காதில் சொன்னேன். அத்தை உரக்கச் சொன்னார், தோட்டத்தில் குச்சி ஊன்றினால் பிடுங்க வேண்டும் என்று அர்த்தம், அது விட்டுப்போன களை, தன் மகனுடைய தப்பை மறைக்கத்தான் இந்த மடச்சி இப்படிச் செய்தாள் என்று. கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொம்பிளையளுக்கு நான் சொல்லேல்லை" என்றார். "ஆம்பிளையளுக்குச் சொன்னால் போதுமெண்டு நினைச்சிட்டன்."

அப்புறம் அவர் கண் மூலைக்குப் போனது. உண்ணிச்செடி பூத்துக் குலுங்கி நிற்கிறது. அடியில் மண் ஈரம்.

"உதுக்குத் தண்ணியும் விட்டிருக்கு" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி.

அத்தை போய் அதை ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்தார். பாதி வேர் மண்ணிலேயே தங்கிவிட்டது. அந்த நிலைமையிலும் எனக்குக் கை துறுதுறுத்தது. போய் மீதி வேரைத் தோண்டி எடுத்தேன்.

"நிண்டு பார்க்காதேங்கோ" என்றார் கிராணியார். "இருட்ட முன்னம் நட வேணும்."

கீழே இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார்கள். நான் எடுத்த குழிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றையும் திரும்ப அதன் குழியில் வைத்தோம். எந்தச் செடி எந்தக் குழியிலிருந்து வந்தது என்று எனக்கு மட்டும் தெரிந்தது. நான் விரலைக் காட்டுவேன், அத்தை சொல்வார், அவர்கள் நடுவார்கள். குச்சியும் திரும்ப ஊன்றியாயிற்று. துணி கட்டும்போது இன்னும் ஈரமாக இருந்தது. கிராணியார் அதைத் தொட்டுப் பார்த்து, அலசி வேறு வைத்திருக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்தார்.

மறுநாள் காலையில் அதிகாரி வந்தான். நாங்கள் வரிசையாக நின்று இடுப்பு வரை குனிந்தோம். எங்களுக்குப் பின்னால் செடிகளும் குனிந்து நின்றன. ஒன்று விடாமல் எல்லாம் வாடித் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. (மலையே ஜப்பான்காரனுக்கு வணக்கம் வைத்தது என்று இவர் பின்னாளில் சொல்வார். அன்று யாரும் சிரிக்கவில்லை.)

அவன் ஒரு செடியின் தலையைப் பிரம்பால் நிமிர்த்திப் பார்த்தான். அது திரும்பவும் தொங்கியது. காலால் மண்ணைத் தள்ளினான். புதுமண். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சியாப்பா புவாட்?" என்று மலாயில் கேட்டான். யார் செய்தது.

எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த இரண்டு வார்த்தை எனக்குத் தெரியும். பதிலும் தெரியும். பள்ளிக்கூடத்தில் போலவே எனக்கு விடை தெரிந்தது, நான் எழுந்து சொல்லவில்லை.

கிராணியார்தான் ஓர் அடி முன்னால் வந்தார். தன் நெஞ்சில் கை வைத்தார். "சாயா" என்றார். நான்.

இரண்டு அறை. கண்ணாடி எங்கோ போய் விழுந்தது. இரண்டாவது அறை இடது காதோடு சேர்த்து விழுந்தது. அவர் விழவில்லை. நிமிர்ந்து, திரும்பவும் குனிந்து வணக்கம் வைத்து, மலாயில் மெதுவாக என்னவோ சொன்னார். செடிகள் சாகவில்லை, வேர் அறவில்லை, பதினைந்து நாள் கொடுங்கள் என்று கேட்டாராம். அவன் யோசித்தான். பதினைந்து நாள் என்று விரலைக் காட்டிவிட்டு இறங்கிப் போனான்.

நான் தரையில் தவழ்ந்து கண்ணாடியைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கம் விரிசல். முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி மாட்டிக்கொண்டு, "வேர் அறாதது நல்லது பிள்ளை" என்றார். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போது என் காது சூடாகிறது.

அந்தப் பதினைந்து நாளும் நான் மலையிலேயே இருந்தேன். கூட்டத்துக்கு அது வேலை. எனக்கு அப்படி இல்லை. விடிந்ததும் ஓடையில் தண்ணீர் மொண்டு தகர டின்னில் சுமந்து ஏறுவேன். ஒவ்வொரு செடிக்கும் ஒரு சிரட்டை. வெயில் ஏறினால் பெரணி இலை ஒடித்து ஒவ்வொன்றுக்கும் குடை மாதிரி செருகுவேன். பக்கத்தில் லாலான் தலைகாட்டினால் விரலை விட்டுத் தோண்டுவேன், அந்தச் செடியின் வேரில் நகம் படாமல். உண்ணிச்செடி ஒன்று எங்கோ முளைத்திருந்தது. பூவைப் பார்த்துக்கொண்டே பிடுங்கினேன். முதல் வாரம் இலைகள் பழுத்து உதிர்ந்தன. அகல இலைக்காரன் முழுக்க மொட்டையாகிவிட்டான். அத்தை வீட்டில் யாரோடும் பேசவில்லை. அத்தை பேசாவிட்டால் எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். காகிதத்துக்கு விபூதி இரண்டு கோடாகியது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, பெரணியைத் தூக்கிப் பார்த்தேன். மொட்டைக் காம்பின் கக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி. அரிசி முனை அளவு. பக்கத்துச் செடியைப் பார்த்தேன். அதிலும். அடுத்ததில் இல்லை. அதற்கு அடுத்ததில் இருந்தது.

டின்னை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். இவர் கீழே புல் வெட்டிக்கொண்டிருந்தார், நாலைந்து ஆண்களோடு. அத்தை அங்கே இல்லை. சொல்லுங்க அத்தை என்று சொல்ல ஆள் இல்லை. நான் மூச்சு வாங்க இவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"துளிர் விட்டிருக்கு" என்றேன்.

இவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். துளிரைப் பார்க்க ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னொரு தடவை சொல்லு" என்றார். மற்ற ஆண்கள் சிரித்தார்கள். நான் திரும்ப மலைமேல் ஓடிவிட்டேன்.

பாதிக்கு மேல் பிழைத்தன. செத்தவற்றின் இடத்தை மலையே புதிதாக முளைத்து நிரப்பிக்கொண்டது. பதினைந்தாம் நாள் அதிகாரி வரவில்லை. அவனுக்கு மாற்றல் ஆகிவிட்டது என்றார்கள். புதிதாக வந்தவன் மூன்று வாரம் கழித்து வந்து, கீழே நின்றே அண்ணாந்து பார்த்து, பச்சையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். காகிதம் முருகன் படத்திலேயே இருந்தது. எங்கள் வரிசையில் சயாமுக்குப் போன மூன்று பேரில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார், அடையாளம் தெரியாமல்.

சண்டை முடிந்ததும் கிராணியார் ஊருக்குக் கப்பலேறினார். போகும் முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். இடது பக்கம் இருந்து பேசினால் அவருக்குக் கேட்பதில்லை, தலையைத் திருப்புவார். வயதாகிவிட்டது என்பார். என்னிடம் ஒரு குச்சியைக் கொடுத்தார், வெள்ளைத் துணி கட்டியது. "இதையெண்டாலும் பிடுங்காமல் வச்சிரும் பிள்ளை" என்றார். முதல் தடவையாகச் சிரித்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் காப்பி கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

அந்தக் குச்சிதான் எங்கள் வீட்டுச் சட்டம். யாரும் தொடக்கூடாத பொருள் எதுவோ அதன் பக்கத்தில் அது நிற்கும். ஆரம்பித்து வைத்தவர் இவர். தன் பங்கு வடைத் தட்டில் அதைச் செருகி வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மகனுடைய பரீட்சைப் புத்தகத்தின் மேல் நின்றது. மகள் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த அன்று, அந்தப் பையனின் போட்டோ பக்கத்தில் நின்றது. நாங்கள் புரிந்துகொண்டோம். துணி மூன்று தடவை மாறிவிட்டது. குச்சி அதேதான். நான் எதையாவது ரொம்பச் சுத்தம் செய்யக் கிளம்பினால், "அம்மா வராங்க, குச்சிய வைங்க" என்று வீடே கத்தும்.

இவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒருநாள் அதை மடித்த துண்டுக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கட்டில் ஓரத்தில் செருகி வைத்தேன். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் போனால் காணோம். ஒரு மலாய்க்கார நர்சுப் பெண், சின்னப் பெண், குப்பை என்று எடுத்துப் போட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. குச்சி எதற்கென்று சொல்லாதவர்கள் கோபப்படக் கூடாது. அவளிடம் போனேன். எனக்குத் தெரிந்த மலாயில் முழுக் கதையையும் சொன்னேன். தீ, மலை, சயாம், அறை எல்லாம். அரை மணி நேரம் ஆனது. அவள் குப்பைத் தொட்டியில் கை விட்டுத் தேடி எடுத்து, கழுவி, தன் கையாலேயே திரும்பச் செருகினாள்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இவ்வளவு பேச்சை எங்கடி வச்சிருந்தே?" என்றார்.

அந்த மழைக்காலம் வரைக்கும் இருந்தார்.

பிறகு குச்சியை நான் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். இனி அதற்கு வேலை இல்லை என்று நினைத்தேன். போன மாதம் குளியலறையில் கால் வழுக்கி விழுந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் என் நாற்காலியின் கைப்பிடியில் அது செருகியிருக்கிறது, புது வெள்ளைத் துணியோடு. நான் வைக்கவில்லை. யார் வைத்தது என்று நான் கேட்கவும் இல்லை. எதற்கென்று எனக்குத் தெரியும்.